காடை முட்டை பொரிப்பு: உங்களுக்கு எப்படி வந்துச்சு?

நாகலூர்க்காரன்:
ஓமலூர்ப் பக்கம் வாங்கின முட்டைங்க. அதே முட்டை கீழ மச்சான் வீட்டு முட்டை பொரிக்கிற மெஷின்ல நல்லாப் பொரிஞ்சுது. இங்க ஏற்காட்டுல, பதினேழாம் நாள் ராத்திரி ஓட்டைக் குத்தின குஞ்சு விடியுற வரைக்கும் அப்படியே நிக்குது. மூக்கு மட்டும் வெளிய. உள்சவ்வு காஞ்சு அப்பளமா முடியில ஒட்டிக்கிச்சு, கத்திக்கிட்டே இருக்கு. பிரிச்சு விடலாமான்னு மக கேக்குறா, எனக்குக் கை வரல. மாட்டினது அத்தனையும் 8, 9 கிராம் பொடி முட்டை. பனி மூடுற ஊர்ல ஈரத்துக்கா பஞ்சம்?

ஓமலூர் காடை:
பொடி முட்டையைக் குத்தம் சொல்லாதீங்க. எனக்கு நேர்மாறு. ஐப்பசி அடைமழையில 13 கிராமுக்கு மேல பெருசாப் பாத்து வெச்சது பொரிக்கவே இல்ல. உடைச்சா முழுக் குஞ்சு, முடியெல்லாம் முளைச்சு, தண்ணி வத்தாம உள்ளயே செத்துக் கிடக்கு. காற்றறை, அதான் முட்டைக்குள்ள இருக்குற காத்து இடம், பேருக்குத்தான் இருந்துச்சு. இப்ப 10லேர்ந்து 12 கிராம் மட்டும்தான் வெக்கிறது.

அஞ்சு ரோடு அண்ணாச்சி:
நான் பொரிச்சது சுமாராத்தான், ஆனாலும் சொல்றேன். ரெண்டு பேர் கதையும் ஒண்ணுதாங்க. வெளிய பனி இருந்தா மெஷினுக்குள்ள ஈரம் வந்துடாது. 15 டிகிரி குளிர்க்காத்தை 37.5க்குச் சூடு பண்ணினா ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ போயிடும். காடைக்கு 55, 60 வேணும். போதாததுக்கு ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காத்து லேசு, ஓட்டுத் துளை வழியா தண்ணி வேகமாப் போகும். பொடி முட்டைக்கு எடையைப் பாத்தா ஓட்டுப் பரப்பு அதிகம், அது முதல்ல காயுது. பெருசு மழைக்காலத்துல வத்தாது. எவ்வளவு வத்திருக்குன்னு டார்ச் அடிச்சுக் காற்றறையைப் பாக்கலாம்னா புள்ளி ஓட்டுல ஒண்ணும் சரியாத் தெரியாது, அதனால எடை போடுங்க. 14ம் நாள் பத்துல ஒரு பங்காவது குறைஞ்சிருக்கணும். அன்னையோட முட்டையைத் திருப்புறதை நிறுத்திட்டு ஈரத்தை 70க்கு ஏத்துங்க. முட்டையை ஒரு வாரத்துக்கு மேல சேத்து வெக்காதீங்க. சேவல் ஒண்ணுக்கு மூணு பெட்டை...

நாகலூர்க்காரன்:
அண்ணாச்சி, சேவல் கணக்கு யாரு கேட்டா? குத்தி நிக்கிறதைப் பிரிக்கலாமா, கூடாதா?

ஓமலூர் காடை:
அவசரப்பட்டுக் கை வெக்காதீங்க. சவ்வுல ரத்தம் வத்தாம பிரிச்சா குஞ்சு போயிடும். முதல்ல ஹேச்சர்ல, அதான் கடைசி நாள்ல குஞ்சு வெளிய வர்ற பெட்டியில, ஈரத்துணி போடுங்க. மூடியைத் திறந்து திறந்து பாக்குறதையும் விடுங்க, இருக்குற ஈரமும் அதுலதான் போகுது.