கலுங்கில் விழுந்த வண்டி

குழு: கீழவீதி வளவு

சொக்கு, மாலை 5:42
பாண்டி அண்ணே, இருக்கீங்களா? கண்மாய் மறுகால் பாயுதுல்ல, அந்தத் தண்ணி வழியிற கலுங்கைக் கடக்கும்போது பாசியில் வழுக்கி என் இம்பல்ஸ் பைக் முழுசா தண்ணிக்குள்ள போயிருச்சு. கூட்டாளிகளோடு சேர்ந்து இழுத்துக் கரை ஏற்றிவிட்டோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான்.

மீனா ஆச்சி
ஐப்பசி மழையில் கலுங்குப் பக்கம் போகாதேன்னு உங்க அப்பச்சி காலையிலதானே சொன்னாங்க? முதலில் தலையைத் துவட்டு.

சிங்கப்பூர் சித்தப்பா
செல்ஃப் அடிச்சுப் பாருடா. ஓடினால் தண்ணி தானா வெளியே வந்துரும்.

பாண்டி அண்ணன், 5:44
செல்ஃப் அடிக்காதே! கிக்கரையும் தொடாதே. சாவியை உருவிப் பையில் போடு. விழும்போது இன்ஜின் ஓடிக்கிட்டிருந்ததா?

சொக்கு
ஓடிக்கிட்டுதான் இருந்தது. தண்ணிக்குள்ள போனதும் டக்குன்னு நின்னுருச்சு.

பாண்டி அண்ணன்
அதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. சித்தப்பா, காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடுகிற இன்ஜின் தண்ணீரை உறிஞ்சியிருந்தால் ஏற்கெனவே வளைந்திருக்கவும் கூடும். சொக்கு, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வா. நியூட்ரலில் தள்ளு, கியரில் வேண்டாம்.

மீனா ஆச்சி
அரிசி மூட்டைக்குள்ள வைக்கலாமா? செல்போனை அப்படித்தானே வைப்பாங்க?

பாண்டி அண்ணன்
ஆச்சி, அவ்வளவு பெரிய மூட்டைக்கு நான் எங்கே போவேன் 😄

சொக்கு, 6:30
வந்தாச்சு. ஸ்பார்க் பிளக் கழற்றுற ஸ்பேனர் கையில்.

பாண்டி அண்ணன்
பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்று, இல்லாவிட்டால் அதுவும் உள்ளே விழும். அப்புறம் டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் மெதுவாகச் சுற்று. ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதே, பீச்சி அடிக்கும்.

சொக்கு, 6:48
அடிச்சது அண்ணே, செம்மண் கலரில். இப்ப வெறும் காத்துதான் வருது. எங்கேயும் பிடிக்காமல் சுத்துது.

பாண்டி அண்ணன்
நல்லது. ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துச் சுற்றச் சொல்லு.

சொக்கு
விரலைத் தள்ளி விடுது!

பாண்டி அண்ணன்
அப்போ ராடு அநேகமாகத் தப்பியது. லேசான வளைவு விரலுக்குத் தெரியாது, அதற்கு சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கணும். இப்போது ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னும் சில சுற்று சுற்று. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்து நிறம் சொல்.

சொக்கு
பால் விட்ட காப்பி மாதிரி இருக்கு.

பாண்டி அண்ணன்
தண்ணீர் கலந்துவிட்டது. டிரெயின் போல்ட்டைத் திற. அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும், பிறகு அந்தக் காப்பி. அப்படியே விட்டால் கிராங்க் பேரிங்கில் துரு ஏறும். அதனால் நாளைக்குன்னு தள்ளாதே.

மீனா ஆச்சி
பட்டாலையில் வைத்துத் திறக்காதே! ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் இறங்கினால் போகவே போகாது. வெளியே கொண்டு போ, அடியில் பழைய தாம்பாளம் வை.

சிங்கப்பூர் சித்தப்பா
இன்ஷூரன்ஸ்ல வாங்கிரலாமே?

பாண்டி அண்ணன்
இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்க்காத பாலிசியில் பெரும்பாலும் தரமாட்டார்கள். அதிலும் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் கேட்கவே வேண்டாம். சொக்கு, ஏர் ஃபில்டர் என்ன கதி?

சொக்கு
சேறு அண்ணே. தட்டிப் போட்டுக்கலாமா?

பாண்டி அண்ணன்
வேண்டாம். பேப்பர் என்றால் புதுசு, ஸ்பாஞ்ச் என்றால் கழுவிக் காயவைத்து ஆயில் தடவணும். அந்த மண் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் கோடு விழுந்து போகும். எனக்குத் தண்ணீரைவிட இதுதான் பயம். ஃபில்டர் பெட்டிக்குள்ளும் துடை. கார்ப்பரேட்டர் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடி. டேங்க் பெட்ரோலையும் முழுசா இறக்கு.

சொக்கு
மேலாக இருக்கிறதை எடுத்துக்கலாம்ல? தண்ணி அடியிலதானே நிக்கும்?

பாண்டி அண்ணன்
இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும், மேலே மிஞ்சுவது சரியான பெட்ரோலாக இருக்காது. கஞ்சத்தனம் பண்ணாதே. முன்சக்கரத்தைத் தூக்கி சைலன்ஸர் தண்ணீரையும் வடி. ஒயர் கப்ளர்களைப் பிரித்துக் காற்றடி.

சொக்கு, இரவு 9:15
எல்லாம் ஆச்சு. அப்பச்சி காருக்கு வாங்கின ஆயில் இருக்கு, ஊத்தட்டுமா?

பாண்டி அண்ணன்
கூடாது, கிளட்ச் வழுக்கும். 10டபிள்யூ30, ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம்) போட்ட பைக் ஆயில்தான். விலை குறைந்ததாகவே வாங்கு, முதல் ஊற்று கழுவத்தான். சில நிமிடம் ஓடவிட்டு வடி. வெளுப்பு தெரிந்தால் திரும்பவும் அதேதான்.

சொக்கு, 10:05
ஸ்டார்ட் ஆயிருச்சு!! வெள்ளையா புகை வருது.

பாண்டி அண்ணன்
சைலன்ஸர் ஈரம், சூடானால் நிற்கும். அடியில் டொக் டொக் சத்தம் கேட்கிறதா?

சொக்கு
இல்லண்ணே. புகையும் நின்னுருச்சு. ஆனா வடிச்ச ஆயில் இன்னும் லேசா வெளுப்பு.

பாண்டி அண்ணன்
அப்போ இன்னொரு ஊற்று. திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டாதே, நான் கேஜ் கொண்டு வர்றேன். பின்னாடி டிரம் பிரேக்கையும் வீல் பேரிங்கையும் அன்றைக்கே பிரிக்கலாம், கிரீஸ் மட்டும் வாங்கி வை.

மீனா ஆச்சி
திங்கட்கிழமை சாப்பாடு இங்கேதான் பாண்டி. சொக்கு, தாம்பாளத்தை யார் கழுவுறது?