வேடந்தாங்கல்: ஏரிக்கு 30 ஹெக்டேர், எல்லைக்கு 5 கி.மீ. தேவையா?

ஏரிக்கரையான்:
போன ஞாயிறு வேடந்தாங்கல் போயிருந்தேன். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரம் ஒவ்வொன்றிலும் கூடு. நத்தைகுத்தி நாரை ஒன்று கழனிப் பக்கமிருந்து வந்து இறங்கியது. குஞ்சுகள் கத்திய கத்தலில் தொண்டையை இரண்டு குலுக்கு குலுக்கி, கொண்டுவந்த நத்தைச் சதையைக் கூட்டில் கக்கியது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே திசையில் பறந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இத்தனூண்டு ஏரிக்கு எதற்கய்யா சுற்றிலும் 5 கி.மீ.?" என்றார். அந்த நாரையிடம்தான் கேட்க வேண்டும். 1998-இல் ஏரியோடு சுற்றியுள்ள 5 கி.மீ. பகுதியும் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 ஆகக் குறைக்க வனத்துறையே முன்மொழிந்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. என்னைக் கேட்டால் ஒரு மீட்டர்கூடக் குறைக்கக் கூடாது.

கழனிக்காரன்:
அந்த நாரை இறங்கியது என் கழனியாகவும் இருக்கலாம் தம்பி. ஏரியிலிருந்து 4 கி.மீ. தள்ளி எனக்கு நிலம். ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில் இருப்பவர்களுக்கு மடை திறந்தால் பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும், உர மூட்டை குறையும். எனக்கு என்ன வருகிறது? நாற்றங்காலை மிதித்துவிட்டுப் போகிற கொக்கும், வரைபடத்தில் ஒரு கோடும். கொட்டகை போடக் கடன் கேட்டுப் போன இடத்தில், "உங்கள் சர்வே நம்பர் சரணாலயத்துக்குள் வருகிறதே" என்று மூன்று மாதம் அலையவிட்டார்கள். ஆலை வைத்திருப்பவன் வக்கீல் வைத்துக்கொள்வான். நான்?

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னக் கணக்கு. 5 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் ஏறக்குறைய 78 சதுர கி.மீ. 3 கி.மீ. என்றால் 28. '5-ஐ 3 ஆக்கினார்கள்' என்றால் ஏதோ கொஞ்சம் வெட்டியதுபோல் கேட்கிறது. போவது மூன்றில் இரண்டு பங்கு. ஏரி மட்டும் என்றால் 0.3 சதுர கி.மீ. அதில் கூடு கட்டலாம், அத்தனை வாய்க்கும் சோறு கிடைக்காது.

பைனாகுலர் பாண்டி:
கணக்கு சரி. ஆனால் கோடு போட்டுவிட்டால் பறவை பிழைத்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைப் பூங்காவைப் பாருங்கள். 1982-இல் தேசியப் பூங்காவுக்குள் எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மேய ஆளில்லாமல் பாஸ்பாலம் என்ற புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, திறந்த தண்ணீர் தேடும் பறவைகள் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, எருமை மேய்ந்ததுதான் ஏரியைத் திறந்து வைத்திருந்தது என்றது. மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று முன்பு சொன்னவர்களில் பறவையியலாளர் சாலிம் அலியும் ஒருவர்! அவ்வளவு பெரிய மனிதருக்கே சறுக்கியது.

ஏரிக்கரையான்:
பாண்டி, எருமையும் ஆலை பாய்லரும் ஒன்றா? எருமை புல்லைத் தின்றது. ஆலைக் கழிவு எதைத் தின்னும்? பரத்பூர் சொல்வது 'உள்ளே இருக்கும் மக்களை விரட்டாதே' என்பதைத்தான். எல்லையைச் சுருக்கு என்று அது சொல்லவில்லை. அதே பரத்பூரில் ஆற்றின் மேல்பக்கம் பாஞ்சனா அணை தண்ணீரைத் தடுத்து நிறுத்தியதும் பூங்கா காய்ந்தது. ஆபத்து வேலிக்கு வெளியிலிருந்தும் வரும் என்பதற்கு அதுவும் சாட்சிதானே?

பைனாகுலர் பாண்டி:
அணை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேடந்தாங்கலைக் காப்பாற்றியது 1998 அறிவிப்பு அல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798-இல் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் (எழுத்து உத்தரவு) வாங்கி வந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்களும் அவர்களே. இந்த வட்டம் போட்டபோது கழனிக்காரர் அண்ணனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கழனிக்காரன்:
கேட்கவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு நிலத்தை விற்க ஆசையில்லை. ஆனால் மனை போட ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்கிற உரிமை என்னுடையதாக இருக்க வேண்டும். மருந்து அடிக்காதே, நத்தை சாகும் என்கிறீர்கள், சரி. அதனால் குறைகிற மூட்டைக்கு யார் பதில் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
நியாயமான கேள்வி. உரம் மிச்சமாகிறவரும் நத்தை வளர்க்கிறவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை நானும் இதுவரை யோசித்ததில்லை. எல்லை 5 ஆகவே இருக்கட்டும். கொட்டகைக்கும் கிணற்றுக்கும் ஒரு விதி, ஆலைக்கும் மனைப்பிரிவுக்கும் வேறு விதி என்று தெளிவாக எழுதிக் கொடுக்கலாமே.

கழனிக்காரன்:
எழுதிக் கொடுத்தால் நான் ஏன் சண்டை போடுகிறேன்? கையில் தாள் வராதவரை எனக்கு 3 கி.மீ.தான் நல்லது.

ஏரிக்கரையான்:
அண்ணே, இந்த நவரைப் பருவத்துக்கு என்ன நெல் ரகம்? மருந்து அடிக்காமல் விளைவித்தால் எங்கள் குடியிருப்பில் பத்து வீடு கூடுதல் விலைக்கு வாங்கும், நான் பேசுகிறேன்.

கழனிக்காரன்:
ஏடிடி 37, குண்டு. நீங்கள் சோறாகச் சாப்பிட மாட்டீர்கள், இட்லிக்கு ஆகும். கால் காணி விட்டுப் பார்க்கிறேன். பத்து வீடு என்றது நினைவிருக்கட்டும். 3 கி.மீ. விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.