ஆச்சியின் பச்சைக்கல் மோதிரம் மங்கிவிட்டது, வீட்டிலேயே கழுவலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
ஆச்சி கொடுத்த தங்க மோதிரம். நடுவில் ஒரு பச்சைக்கல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன முத்து. பத்து வருடமாகக் கழற்றவே இல்லை. மாவு கரைப்பது, தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் இந்தக் கையால்தான். இப்போது கல் பாசி படிந்த மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். அத்தை புளித்தண்ணீரில் ஊறப்போடச் சொல்கிறார்கள், மைனி பேஸ்ட் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். தம்பியிடம் மூக்குக்கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் இருக்கிறது. எதைச் செய்யட்டும்? ஆச்சி இப்போது இல்லை. கல்லுக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது.

பதில் (திருநெல்வேலி டவுன்):
அக்கா, மூன்றுமே வேண்டாம். நான் நகைக்கடையில் பழுது வேலை பார்த்தவன்.

முதலில் மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடி திறந்த கட்டு என்றால் அந்தக் குழிக்குள் சோப்பும் எண்ணெயும் மாவும் சேர்ந்து இறுகியிருக்கும். வெளிச்சம் கல்லுக்குள் போய்த் திரும்ப வழியில்லை, அதனால்தான் மேலே எவ்வளவு துடைத்தாலும் பளிச்சென்று ஆகாது.

உங்களுடையது மரகதம் என்றே வைத்துக்கொள்வோம். வைரத்துக்கு 10 என்றால் மரகதத்தின் கடினம் 7.5 முதல் 8 வரை. ஆனால் உள்ளே இயற்கையாகவே மயிரிழை விரிசல்கள் உண்டு. அவை தெரியாமல் இருக்க எண்ணெய் ஊட்டித்தான் பெரும்பாலும் விற்பார்கள். வெந்நீர், ஆவி, அந்த மெஷினின் அதிர்வு எல்லாம் அந்த எண்ணெயை வெளியே கொண்டுவந்துவிடும். விரிசல் வெளுப்பாகத் தெரியும், பெரிதாகவும் ஆகலாம்.

முத்து அதைவிட மென்மை. பேஸ்டில் இருக்கும் பொடியே அதைக் கீறும், தங்கத்தின் பளபளப்பையும் குறைக்கும்.

பதில் (தூத்துக்குடி):
புளி விஷயத்தில் என் அனுபவம். அம்மாவின் பவள மோதிரத்தை எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். சற்று நேரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். எடுத்துப் பார்த்தால் மேல்பளபளப்பு முழுக்கப் போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. பவளமும் முத்தும் கிளிஞ்சல் மாதிரிதான், புளிப்பு பட்டால் அரிக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் மனசு கேட்கவில்லை. நீங்கள் தயவுசெய்து புளி பக்கமே போகாதீர்கள்.

கேட்டவர்:
நல்லவேளை, ஊறப்போடவில்லை. திருப்பிப் பார்த்தேன், அடி திறந்துதான் இருக்கிறது, உள்ளே சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கிறது. எப்படி எடுக்க?

பதில் (திருநெல்வேலி டவுன்):
கழுவும் முன் காதருகே வைத்து மெதுவாகத் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, தண்ணீரில் காட்டாமல் ஆசாரியிடம் கொடுங்கள். சத்தம் இல்லையா, சரி. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு. மோதிரத்தை முக்காதீர்கள். இந்த மாதிரி முத்தைச் சின்னக் கம்பியில் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், ஊறினால் பசை விடும். குழந்தைகள் பிரஷை நனைத்து உதறி, அடிக்குழியை மட்டும் மெல்லச் சுற்றித் தேயுங்கள். இறுகியது ஒரே நாளில் வராது, ஊசியால் நோண்டாமல் மறுநாளும் தேயுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த பிரஷால் ஷாம்பை எடுத்துவிடுங்கள். முத்தை ஈர வேட்டித் துணியால் ஒற்றினால் போதும். வாஷ்பேசின் மேலே வேண்டாம், தாம்பாளத்தின் மேல் வைத்துச் செய்யுங்கள். கல் கழன்றாலும் கைக்குக் கிடைக்கும்.

கேட்டவர்:
மூன்று நாள் தேய்த்தேன். சத்தம் இல்லை, முத்தும் அசையவில்லை. இன்று காலை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தபோது கல்லுக்குள் பச்சை தெரிந்தது. ஆச்சி விரலில் பார்த்த அதே பச்சை. அத்தையிடம் காட்டினேன், அவர்கள் பவள மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் இதே முறை போதுமா?

பதில் (திருநெல்வேலி டவுன்):
பவளத்துக்கு ஷாம்பு கூட வேண்டாம் அக்கா. ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.