பதில்: உள்ளே தெரியும் வன்வட்டு மூடிக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். உள்ளே தெரியும்படி செய்த வன்வட்டு மூடிக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியைப் போட்டவன் நான்தான். ஏன் கேட்டேன் என்பதை அப்போதே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ராமேசுவரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. ஓடுகிற ஹார்டு டிஸ்க் (கணினியின் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வன்வட்டு) ஒன்றைப் பிள்ளைகள் உள்ளே பார்க்கும்படி செய்து தர முடியுமா என்று டீச்சர் கேட்டார். மூடியை வெட்டி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் துண்டு பதித்துச் செய்துவிட்டேன். அதன் பக்கத்தில் வைக்கும் அட்டையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. வட்டுக்குப் பெயர் இருக்கிறது, நினைவகத்துக்குப் பெயர் இருக்கிறது, நான் மெனக்கெட்டுச் செய்த அந்த மூடிக்கு மட்டும் இல்லை.

பொருளைப் பார்க்காமல் பெயர் வைப்பதால்தான் பல கலைச்சொற்கள் வாயில் ஒட்டுவதில்லை என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அதனால் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது மேசைக் கணினியில் இருக்கும் மூன்றரை அங்குல வன்வட்டு. மேல்மூடி உலோகம். சுற்றிலும் நட்சத்திர ஸ்க்ரூ. ஒன்று பெரும்பாலும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கழற்றினால் முகம் பார்க்கலாம் போல மின்னும் வட்டு. அதன் மேல் குறுக்கே நீளும் ஒரு கை. கையின் நுனியில், தகவலைப் படித்து எழுதும், எள்ளைவிடச் சிறிய தலை. வட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 120. விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இவ்வளவு வேகத்திலும் தலை வட்டைத் தொடாது. சுழலும் வட்டு இழுத்து வருகிற காற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டே போகும். ஒரு தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு.

ஆகவே தூசிதான் எமன். இங்கே தூசி மட்டுமா? ஒரு பக்கம் ஆண் கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் பெண் கடல் (பாக் நீரிணை), நடுவில் ஒரு துண்டு மணல்மேடு எங்கள் ஊர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் துடைத்த மேசையில் அரை மணி நேரத்தில் விரலால் பெயர் எழுதலாம். முதல் வட்டை அப்படியொரு நாளில்தான் திறந்தேன், மின்விசிறியையும் ஓடவிட்டு. மூடி மாட்டி மின்சாரம் கொடுத்ததும் இருபது நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வட்டின் மேல் நகத்தால் கீறியது போல ஒரு முழு வளையம். அதில் யாருடைய கோப்பும் இல்லை, பழைய 80 ஜிபி வட்டு. ஆனாலும் அந்த வளையத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. தகவல் இருக்கிற வட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை மூடியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் வெட்டினேன். வட்டு பையில் கட்டி அலமாரியில் இருந்தது. கையின் அச்சைப் பிடிக்கும் ஸ்க்ரூ மூடி வழியாகத்தான் இறங்குகிறது, அந்த இடத்தை வெட்டிவிட்டால் கை ஆடும். அதைச் சுற்றி உலோகத்தை விட்டுவைத்தேன். பெயர்ப்பலகைக் கடையில் வாங்கிய அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் துண்டை அடியிலிருந்து சிலிக்கான் பசை வைத்து ஒட்டினேன். அந்தப் பசை காயும்போது காடி வாசனை வரும். அந்த ஆவி உள்ளே அடைபட்டால் உலோகத்தை அரிக்கும், அதனால் வாசனை முழுக்கப் போகும்வரை இரண்டு நாள் மூடியைத் திறந்த வெளியில் வைத்தேன். பிறகு கழுவி, உலர்த்தி, காற்று அடங்கிய ஒரு ராத்திரியில், தரையை ஈரத்துணியால் துடைத்து, விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க மாட்டினேன். பத்து நாளாக ஓடுகிறது.

இது ஏதோ விளையாட்டு வேலை, இதற்கொரு சொல் தேவையா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2006-லேயே வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ‘ராப்டர் எக்ஸ்’ என்ற 150 ஜிபி வட்டைத் தொழிற்சாலையிலேயே இப்படி உள்ளே தெரியும் மூடி போட்டு விற்றது. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் வட்டு அது. விலைக்கு வந்த ஒரு பொருளின் உறுப்பு இது. சொல் வேண்டும்.

சரி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> ‘ஒளிபுகு சாளர மூடி’ என்பதே பொருத்தம். பாடநூல் மரபும் அதுவே.

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் இரண்டு முள் இருக்கிறது. கணினித் தமிழில் சாளரம் என்றால் திரையில் திறக்கும் சாளரம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இயங்குதளத்தையும் நம்மில் பலர் சாளரம் என்றே எழுதுகிறோம். ‘சாளர வன்வட்டு’ என்று அட்டையில் எழுதினால் அந்த இயங்குதளம் பதித்த வட்டு என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். இரண்டாவது, ஒளி புகுவது நம் தேவை இல்லை. தேய்த்த கண்ணாடியிலும் ஒளி புகும், உள்ளே இருப்பது தெரியாது. இங்கே புக வேண்டியது பார்வை.

> காலதர் என்ற அழகான சொல் இருக்க, வேறு ஏன்?

மதுரை அக்கா இதை எழுதியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ வருகிறது, மானின் கண் போன்ற துளைகள் வைத்த ஜன்னல். சொல்லிலேயே காற்று போய்வருகிறது. அக்கா, அதனால்தான் இந்த மூடிக்கு அதை வைக்க மனம் வரவில்லை. இந்த மூடியின் முழு வேலையே காற்றை விடாமல் இருப்பது.

ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிடவும் மனமில்லை. வன்வட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும், ‘இதை மூடாதே’ என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். வட்டு சூடாகும்போது உள்ளே காற்று விரியும், ஆறும்போது சுருங்கும். அழுத்தம் சமமாக அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. உள்ளே ஒரு வடிகட்டி அந்த மூச்சைச் சலித்து அனுப்பும். காற்றின் வழி என்ற பெயர் அந்தத் துளைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. காலதரை அங்கே கொடுத்துவிடுவோம் என்பது என் வேண்டுகோள். 2013 முதல் ஹீலியம் நிரப்பிய வன்வட்டுகள் வருகின்றன. அவை முழுக்க அடைத்தவை. அவற்றைப் பற்றி ‘காலதர் இல்லாத வன்வட்டு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். (அவற்றைத் திறந்தால் வாயு போய்விடும், மூடி மாற்றும் ஆசைக்கு அவை ஆகாது.)

‘கண்ணாடிமூடி’தான் எனக்குக் கடைசிவரை கைவிட மனமில்லாமல் இருந்தது. பிளாஸ்டிக்கையும் நாம் கண்ணாடித் தாள் என்றுதானே சொல்கிறோம். ஆனால் அடுக்களையில் சட்டிக்குப் போடுவதும் கண்ணாடி மூடிதான். தவிர, சில வன்வட்டுகளில் உள்ளே சுழலும் வட்டே கண்ணாடியால் செய்தது. கண்ணாடி வட்டுக்கு அக்ரிலிக்கில் கண்ணாடி மூடி என்றால் எது எது என்று குழம்பும். ‘பார்வைமூடி’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். பார்வை, கண் போன்ற சொற்களுக்குப் பின்னால் மூடி வந்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. கண்மூடி என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் முன்வைப்பது ‘தெளிமூடி’.

இது மேசையில் உட்கார்ந்து பிறந்த சொல் இல்லை. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் முங்குவார்கள். அந்தக் கண்ணாடி தண்ணீரை விடாது, பார்வையை விடும். என் மூடி செய்வதும் அதேதான். இறங்குவதற்கு முன் அவர்கள் கரையில் நின்று பார்ப்பது ஒன்றைத்தான்: தண்ணி தெளிஞ்சிருக்கா, கலங்கிக் கிடக்கா. அடியில் கிடக்கும் பாறை தெரிந்தால் தெளிஞ்சிருக்கு. என் கடைக்கு வந்த ஓர் அம்மா, மேசையில் சுழன்றுகொண்டிருந்த வட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, ‘நல்லாத் தெளிவா அடிவரைக்கும் தெரியுதேப்பா’ என்றார். அன்றைக்கு ராத்திரி அட்டையின் பின்பக்கம் ‘தெளிமூடி’ என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். இரண்டு சொல், நான்கு எழுத்து, சொன்னால் நாக்கு தடுக்குவதில்லை.

மூடியை வெட்டித் தெளிவான துண்டு பதிக்கும் அந்த வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘மாற்றியமைப்பு’ எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் காட்டுவதில்லை. எங்கள் பக்கம் பனை நிறைய. நுங்குக் காயின் தலையைச் சீவினால் உள்ளே மூன்று கண் தெரியும். ‘கண் திறக்கச் சீவு’ என்றுதான் சொல்லுவோம். கொஞ்சம் ஆழமாகச் சீவினால் நுங்கு கிழிந்து தண்ணீர் ஓடிவிடும். மேலாகச் சீவினால் கண் தெரியாது. மூடியை வெட்டும்போது என் கைக்கு அந்தச் சீவல்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே செயலுக்குக் ‘கண்திறப்பு’. சிற்பிகளும் இந்தச் சொல்லை ஆள்கிறார்கள், அது கூடுதல் பலம். ‘இந்த வன்வட்டுக்குக் கண்திறந்தாயிற்று’ என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அட்டை போக வேண்டும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து

* * *

மறுநாள் காலை எழுதியது:

> ‘தெளி’ என்றால் தண்ணீர் தெளிப்பதும் ஆகுமே? பன்னீர்ச் செம்பின் மூடி என்று படிக்கலாமே?

யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு நன்றி. சரியான இடத்தில் தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். வினைத்தொகையாகப் பிரித்தால் தெளிந்த மூடி என்றும் வரும், தெளித்த மூடி என்றும் வரும், இலக்கணம் இரண்டையும் தடுக்காது. ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். ஆனால் ஔவையின் ‘பாலும் தெளிதேனும்’ பாட்டைப் பள்ளியில் படிக்காதவர் யார்? தெளிதேன் என்றதும் யாருக்கும் தேனைத் தெளிப்பது தோன்றுவதில்லை. தெளிநீர் என்றாலும் தெளிந்த நீர்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘தெளி’ வந்து நின்றால் நம் காது தெளிவையே எடுத்துக்கொள்கிறது. அந்தத் துணையோடு தெளிமூடியை வைத்துக்கொள்கிறேன்.

மூடி முழுவதையுமே அக்ரிலிக்கில் செய்தால் அதுவும் தெளிமூடியா என்ற கேள்விக்கு: ஆம். வெட்டிப் பதித்த துண்டை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘மூடிக்கண்’ என்று சொல்லலாம், வலைக்கண் போல.

அட்டையில் இப்படி எழுதிவிட்டேன், பிழை இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்:

‘இது ஓடிக்கொண்டிருக்கும் வன்வட்டு. இதன் மூடி தெளிமூடி. உள்ளே நொடிக்கு 120 முறை வட்டு சுற்றுகிறது. ஓரத்தில் உள்ள சிறு துளை காலதர், வட்டு மூச்சு விடும் வழி. விரலால் மூட வேண்டாம்.’

டீச்சர் படித்துவிட்டு, வட்டின் மேல் அசையும் அந்தக் கைக்கும் பெயர் கேட்கிறார். ‘வாசிக்கும் கை’ என்று இப்போதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அது எழுதவும் செய்கிறதே. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் புதிய இழையாகத் தொடங்குங்கள்.