டோட்டோரோ வீட்டுக்குப் போனேன், கேட் பூட்டியிருந்துச்சு

நான்: எல்லாரும் எந்திரிச்சாச்சா? நான் எங்க நிக்கிறேன்னு சொல்லுங்க பாப்போம்
[போட்டோ]

அப்பா: மரம்.

தம்பி: புதர்

நான்: டோட்டோரோ காடு!!! ஜப்பான்ல தொகொரோசாவா பக்கம், சயாமா குன்று. டோட்டோரோங்கிற காட்டுப் பூதத்தை வெச்சு கார்ட்டூன் படம் எடுத்த மியாசாகி குடியிருக்கிற ஊரு. இந்த ஏரியாவையும் மனசுல வெச்சுதான் படத்துல வர்ற கிராமத்தை வரைஞ்சாரு

அக்கா: பாப்பா கேக்குறா, பூனை பஸ் எங்க?

நான்: படத்துல வர்ற அந்த பஸ் மிதாகா மியூசியத்துல இருக்கு செல்லம். சித்தி வந்தது சாதா பஸ்லதான்

அம்மா: அந்த வீட்டுக்குள்ள போனியா

நான்: படத்துல வர்ற வீடு இங்க இல்லம்மா. குரோசுகே வீடுன்னு 100 வருஷத்துக்கு மேல ஆன பண்ணை வீடு இருக்கு. உள்ள பெரிய டோட்டோரோ பொம்மை உக்காந்திருக்கும். வாரத்துல சில நாள்தான் திறப்பாங்க, நான் பாக்காம வந்துட்டேன் 😭

தம்பி: ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டுப் போயி பூட்டைப் பாத்துட்டு வர்றா

குன்னூர் அத்தை: பின்னாடி தெரியறது தேயிலையா?

நான்: ஆமா அத்தை, சயாமா டீ இங்க பேர் போனது. ஆனா உங்க ஊரு மாதிரி சரிவு இல்ல, வயல் மாதிரி தட்டையா இருக்கு. நடுநடுவுல கம்பம் நட்டு ஃபேன் மாட்டியிருக்காங்க

குன்னூர் அத்தை: டீச்செடிக்கு ஃபேனா? வேர்க்குதாமா

நான்: உறைபனிக்கு அத்தை. மேல இருக்கிற வெதுவெதுப்பான காத்தைக் கீழ தள்ளிவிடும், கொழுந்து கருகாது

குன்னூர் அத்தை: இங்க பனிக்கு மிலார், அதான் குச்சியும் தழையும், வெட்டிச் செடி மேல பரப்பியே இடுப்பு போகுது. இது நல்லாருக்கே

நான்: படம் வந்தது 1988. அப்பவே இங்க காட்டை அழிச்சு வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. காட்டைக் காப்பாத்த 1990ல டோட்டோரோ பேர்ல நன்கொடை திரட்டி, 1991ல முதல் துண்டை வாங்கிட்டாங்க. நான் நிக்கிறது அதுலதான். சுமார் 1,200 சதுர மீட்டர். இப்ப இந்த மாதிரி 50 துண்டுக்கு மேல இருக்கு

அப்பா: 1,200ன்னா 30 சென்ட் வருது. ரோடு முகப்பு இருக்கா?

தம்பி: அப்பா 😂😂

நான்: விக்கவே கூடாதுன்னுதான்ப்பா வாங்கினதே

அப்பா: வேலி போட்டிருக்காங்களான்னு பாரு. பக்கத்து இடத்துக்காரன் கல்லை நகத்திருவான்.

நான்: சுத்திப் பாக்க பத்து நிமிஷம் போதும். படத்துல வர்ற மாதிரி பெரிய கற்பூர மரமெல்லாம் இல்ல, ஓக் மரம்தான். ஒரே தூர்ல மூணு நாலு தண்டு கிளம்பியிருக்கு பாருங்க. அந்தக் காலத்துல விறகுக்கும் கரிக்கும் வெட்டி வெட்டி, திரும்பத் தழைச்சது
[போட்டோ]

அம்மா: அந்த ஆஸ்பத்திரி? படத்துல சின்னவ சோளத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அம்மாவைத் தேடிப் போவாளே

நான்: அங்கதான் அடுத்து. படத்துல ஏழு நாட்டு மலை, நிஜத்துல எட்டு நாட்டு மலை, ஹச்சிகோகுயாமா. அடிவாரத்துல முன்னாடி காசநோய் ஆஸ்பத்திரி இருந்துச்சு. மியாசாகியோட அம்மாவும் காசநோய்ல வருஷக்கணக்கா படுத்திருந்தவங்கதான்

அம்மா: நீகூட எனக்கு ஆபரேஷன் ஆனப்ப மாங்கா கொண்டாந்தியே. மூணாவது படிச்சிட்டிருந்த. உப்பு மிளகாத்தூள் பொட்டலத்தோட

நான்: அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியா

தம்பி: வழியிலயே பாதி தின்னிருப்பா

அப்பா: பாதி இல்ல. கொட்டைதான் வந்துச்சு.