வலைக்கடியன் என்ற கடல் பாம்பை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடலோடி:

பதினொரு வருடம் இழுவைப் படகில் போனவன் நான். வலையைத் தட்டில் கொட்டியதும் மீனுக்கு நடுவே கடல் பாம்பு நெளிவது எங்களுக்குப் புதிதில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் வீசிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். "அதுக்கு வாய் சின்னது, கடிக்காது" என்று கூட இருந்த பெரியவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

ஒரு விடியற்காலை, மீன் பொறுக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பாம்பு. சாம்பல் நிறம், மங்கலான பட்டைகள், துடுப்பு மாதிரி தட்டையான வால். விலாப் பக்கத்தில் நாலைந்து கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிர்) ஒட்டியிருந்தது. வாலைத் தொட்ட மறுநொடி உடம்பைத் திருப்பி என் ரப்பர் கையுறையைக் கவ்விக்கொண்டது. உதறினேன், விடவில்லை. கையுறையையே கழற்ற வேண்டியதாயிற்று. நல்லவேளை, பல் தோல் வரை இறங்கவில்லை. அப்போதுதான் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மேல்தாடை நுனி கிளி மூக்கு போலக் கீழே வளைந்திருந்தது. வாய் அவ்வளவு அகலத்துக்குத் திறக்கும் என்று நினைத்ததே இல்லை.

வலையில் மாட்டினால் எதையும் கடிக்கும், அதனால்தான் வலைக்கடியன் என்று பேர். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

செதில்:

அண்ணா, அந்த மூக்கை நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். கீழ்த்தாடையையும் பார்த்திருந்தால் சந்தேகமே இருக்காது. முகவாய் நுனியில் ஒரு செதில் உண்டு. மற்ற கடல் பாம்புகளில் அது அகலமாக இருக்கும். வலைக்கடியனிடம் குத்துவாள் மாதிரி ஒடுங்கி நீண்டு, ஒரு பள்ளத்துக்குள் பாதி மறைந்திருக்கும். விலங்கியல் படிக்கும்போது, ஸ்பிரிட்டில் கிடந்த ஒரு பாம்பின் அந்தப் பள்ளத்தை ஊசி முனையால் மெல்ல விலக்கினேன். உள்ளே மடிந்திருந்த தோல் விரிந்து, தாடையின் இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் கொடுத்தன. கடல் கெளுத்தியை முள்ளோடு விழுங்குகிறதே எப்படி என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புரிந்தது. பேத்தை மீனையும் விடாது.

பெயர் மாறிய கதையும் இந்தத் தாடையைச் சுற்றித்தான். பிரெஞ்சு விலங்கியலாளர் தோதான் 1803-இல் இதற்கு ஹைட்ரோபிஸ் ஸ்கிஸ்டோசஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஸ்கிஸ்டோஸ்' என்றால் பிளந்தது. அப்புறம் என்ஹைட்ரினா என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். பழைய புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்துக் கடலில் இருப்பதும் இதே பாம்பு என்று நெடுநாள் நினைத்தார்கள். அதே மூக்கு, அதே முகவாய். 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வில் அது வேறு இனம் என்று தெரிந்தது. இதற்கு நெருங்கிய உறவு கூட இல்லை, தனித்தனியாகவே இரண்டுக்கும் இந்த முகம் அமைந்திருக்கிறது! எனக்கு இந்தப் பாம்பின் மேல் பைத்தியம் பிடித்ததே இதைப் படித்த பிறகுதான். இப்போது இரண்டும் ஹைட்ரோபிஸ் பேரினத்துக்குள். நாகமும் கட்டுவிரியனும் இருக்கிற எலாப்பிடே குடும்பம்தான் இதற்கும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். நான் பார்த்தது பாம்பை அல்ல, கடிபட்டவரை.

வலையிலிருந்து மீன் கழற்றும்போது விரலில் ஏதோ குத்தியிருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. கெளுத்தி முள் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலி, கழுத்து திரும்பவில்லை. முதலில் போன இடத்தில் வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. சிறுநீர் கறுப்புக்குப் பக்கமான பழுப்பு நிறம். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மிளகளவு கூட வராத இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான்.

இந்த விஷம் நரம்பையும் தாக்கும், தசையையும் உடைக்கும். உடைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம்தான் சிறுநீரைக் கறுக்க வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இந்தியாவில் வழக்கமாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரித்தது. கடல் பாம்புக்கு அதை நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் தயாராகும் கடல் பாம்பு மருந்துக்கு வலைக்கடியனின் விஷத்தையே பயன்படுத்துகிறார்கள். எங்களிடம் அது இல்லை. செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் வைத்துத்தான் அவரைக் காப்பாற்றினோம். மூன்றாவது வாரம் நடந்து வீட்டுக்குப் போனார்.

கடிபட்ட பலருக்கு விஷம் ஏறுவதே இல்லை என்பது உண்மை. ஆனால் யாருக்கு ஏறியிருக்கிறது என்று முதல் ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியாது. வலி இல்லையே என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். கையை அசைக்காமல், கீறாமல், உறிஞ்சாமல் வந்துவிடுங்கள். பாம்பு இருந்த வலை என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

கழிமுகம்:

எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி அனுபவம். ஆற்று வாய்க்குப் பக்கத்துக் கலங்கல் தண்ணீரில் விரித்த வலையில் தடித்த ஒன்று மாட்டியது. வலையை வெட்டி அதைக் கூடைக்குள் விட்டோம். திரும்பிப் பார்த்தால் கூடைக்குள் குட்டிகள்! இது முட்டையிடாது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கரையேறாமல் கடலிலேயே பெற்றுவிடும், ஒரே ஈற்றில் முப்பது வரை போகுமாம். நான் பதினேழு எண்ணினேன். தாயை விடக் குட்டிகளுக்குப் பட்டை பளிச்சென்று கறுப்பாக இருந்தது. குட்டிக்கும் பிறக்கும்போதே விஷம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் யாரும் கை வைக்கவில்லை. கூடையை அப்படியே தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்தோம். தாய் முதலில் கீழே போனது. குட்டிகள் கொஞ்ச நேரம் மேலேயே நின்று, ஒவ்வொன்றாக மூக்கை நீட்டி மூச்சு எடுத்துவிட்டுத்தான் இறங்கின.

கடலோடி:

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. முள் குத்தியதாக நினைத்து இருந்த இரண்டு பேரை எனக்கே தெரியும், அதில் ஒருவர் இப்போது இல்லை. நீங்கள் எழுதியதைப் படகுத் தம்பிகளுக்கு வாசித்துக் காட்டினேன். கொக்கி வைத்த நீளக் கம்பு ஒன்றைத் தட்டில் கட்டி வைத்திருக்கிறோம், இனி வாலைப் பிடிக்க மாட்டோம்.