அப்பாவின் ரிப்போர்ட்டில் எல்டிஹெச் ஏறியிருக்கிறது, புற்று பரவுகிறது என்று அர்த்தமா?

தூக்கமில்லாதவன்:
அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், சிறுசெல் அல்லாத வகை, கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை ரத்தப் பரிசோதனையில் எல்டிஹெச் (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி) கூடியிருக்கிறது, பக்கத்தில் தடித்த எழுத்தில் மேல்நோக்கி அம்புக்குறி வேறு. டாக்டரைப் பார்க்க வியாழன் வரை ஆகும். அதற்குள் நானே தோண்டிப் படித்ததில், இந்த நொதிதான் புற்றுக்குத் தீனி போட்டு வளர்க்கிறது, பரவவும் வைக்கிறது என்று இருந்தது. அதைச் சொன்னதும் அம்மா அவருக்குச் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டார். ஏற்கெனவே எடை குறைந்து கிடக்கிறார் மனிதர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்:
உயிர்வேதியியல் படித்தவன், டாக்டர் இல்லை. நீங்கள் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறீர்கள். கட்டிக்குள் அந்த நொதி செய்யும் வேலை வேறு, ரத்தத்தில் காட்டும் எண் வேறு.

சாதாரணச் செல் குளுக்கோஸை உடைத்து பைருவேட் என்ற சிறு மூலக்கூறாக்கி, அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் (செல்லின் ஆற்றல் உலை) அனுப்பி முழுக்க எரிக்கும், ஒரு குளுக்கோஸுக்கு சுமார் 30 ஏடிபி (செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு) தேறும். புற்றுச் செல் அந்தப் பைருவேட்டில் பெரும்பங்கை லாக்டேட்டாக மாற்றி வெளியே தள்ளிவிடும், கிடைப்பது வெறும் 2. இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எல்டிஹெச்-ஏ, எல்டிஹெச் நொதியின் ஒரு வடிவம். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே இப்படிச் செய்கிறது என்று 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். பார்த்தால் நஷ்ட வியாபாரம். ஆனால் லாக்டேட் உருவாகும்போது என்ஏடி என்ற துணை மூலக்கூறு திரும்பக் கிடைக்கிறது, அது கிடைக்காவிட்டால் குளுக்கோஸ் உடைவதே முடங்கிவிடும், ஓட்டம் வேகமாக இருந்தால்தான் நடுவில் வரும் துண்டுகளை உருவி டிஎன்ஏ, கொழுப்பு என்று புதுச் செல்லுக்கு வேண்டியதைக் கட்ட முடியும்.

பரவலுக்கு வந்தால், லாக்டேட்டோடு அமிலமும் வெளியேறுகிறது. ரத்தத்தின் பிஹெச் (இது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 7.4 என்றால் கட்டியைச் சுற்றி 6.5 வரைகூட இறங்கும். அந்தப் புளிப்பில் சுற்றியுள்ள புரத வலையை அரிக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகும், புற்றைத் தாக்க வரும் டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகும். ஆக நொதி பாதையைச் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான், பரவலை அது ஒன்றே நடத்துவதில்லை.

லேப்காரன்:
எண்ணைப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் பார்ப்பது இதைத்தான். எல்டிஹெச் இதயம், கல்லீரல், தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு, எது உடைந்தாலும் ரத்தத்தில் கசியும். ரத்தம் எடுத்த குழாயை வேகமாகக் குலுக்கினாலே போதும், சிவப்பணு உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிடும், எண் பொய்யாக ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணு உடைந்த மாதிரி) என்று இருக்கிறதா பாருங்கள். அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கட்டி வளர்ந்தாலும் ஏறும். ஸ்கேனோடு சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார்.

மழைக்குருவி:
சோதனைக்குழாய் சொன்னதில் ஒரு திருத்தம். நுரையீரல் கட்டி லாக்டேட்டை வெளியே தள்ளுவது மட்டுமில்லை, உள்ளே இழுத்து எரிக்கவும் செய்கிறது. நோயாளிகளுக்கே அடையாளமிட்ட லாக்டேட்டை ஏற்றிப் பார்த்து 2017இல் காட்டினார்கள். அதற்கு முன்னால், 2014இல், எலிகளில் எல்டிஹெச்-ஏ-வைக் குறைத்தபோது ஏற்கெனவே வளர்ந்திருந்த நுரையீரல் கட்டிகளே சுருங்கின. அதைப் பிடித்துக்கொண்டு ‘சர்க்கரையை நிறுத்து’ என்று கிளம்பிவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது. வாயில் போடுவதை நிறுத்தினாலும் கல்லீரல் தசைப் புரதத்தை உருக்கியாவது குளுக்கோஸ் செய்துவிடும். ஏற்கெனவே இளைத்திருப்பவருக்குத்தானே அது நஷ்டம்? அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பிறகு உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

தூக்கமில்லாதவன்:
அடியில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் கீமோ முடிந்த மறுநாள் வெள்ளையணு ஏறுவதற்கு என்று ஓர் ஊசி போட்டார்கள், நாலு நாள் கழித்து எடுத்த ரத்தம் இது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

லேப்காரன்:
இருக்கலாம். அந்த ஊசிக்குப் பிறகு எல்டிஹெச் தற்காலிகமாக ஏறுவது உண்டு. ஊசி போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி இரண்டையும் ரிப்போர்ட்டிலேயே பேனாவால் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள், எண் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.